பஞ்சர் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது: பள்ளி வன்முறையைக் குறைப்பதில் ஊரின் பங்கு

சைக்கிள் டியூபில் விழுந்த ஓட்டை எதனால் விழுந்தது என்பதைப் பஞ்சர் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, மறு கையால் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பார். சாலையில் கிடந்த ஆணி என்றால் தரையில் படும் நடுப்பகுதியில் தடம் இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தை ஒட்டிய எங்கள் பகுதியில், சில ஆண்டுகளுக்கு முன்பு, பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனின் விலையில்லா மிதிவண்டி ஒரே வாரத்தில் மூன்று முறை அவரிடம் வந்தது. மூன்று முறையும் ஓட்டை டயரின் பக்கவாட்டில், ஊசி முனை அளவில் இருந்தது. "இது ரோட்டு ஆணி இல்லீங்க சார். ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற காம்பஸ் முள்ளு. யாரோ வேணும்னே குத்துறாங்க. அந்தப் பையனும் வாயைத் திறக்க மாட்டேங்கிறான்" என்று அவர் என்னிடம் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பேருந்து நிறுத்தத்தில் கைகலப்பு. பையன் தன் அண்ணனை அழைத்து வந்திருந்தான்; அண்ணன் தன் நண்பர்களை அழைத்து வந்திருந்தான். எதிர்த்தரப்பிலும் அவ்வாறே ஆள் சேர்ந்திருந்தது. ஒரு மாணவனுக்கு மண்டையில் தையல் போட வேண்டி வந்தது. இருவர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள், அவர்களில் ஒருவன் அதன்பின் எந்தப் பள்ளியிலும் சேரவில்லை. முன்கூட்டியே யாருக்கும் தெரியாது என்று பள்ளியில் சொன்னார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதால் எனக்கும் தெரிந்திருந்தது. அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்பதற்கு வழி இருக்கவில்லை. வழி தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றுவரை என்னிடம் இருக்கிறது, இக்கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

பள்ளி வன்முறையைக் குறைக்கும் சமூக முயற்சி என்று அறிக்கைகளில் எழுதப்படுவது என்ன என்பதை எளிமையாகச் சொல்லிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கிடையிலும் அவர்கள்மீதும் நிகழும் வன்முறையைத் தடுப்பதை ஆசிரியர்களுக்கும் காவல்துறைக்கும் மட்டும் உரிய வேலையாக விட்டுவிடாமல், பெற்றோர், முன்னாள் மாணவர், கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர் எனப் பள்ளியைச் சுற்றி வாழ்கிறவர்கள் ஒரு முறையான ஏற்பாட்டின்படி அதில் பங்கெடுப்பதே அம்முயற்சி. 'முறையான ஏற்பாடு' என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளைகள்மீது அக்கறை இல்லாத ஊர் கிடையாது. அந்த அக்கறை யார் வழியாக, எந்த நேரத்தில், எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிற ஊர்கள்தான் மிகக் குறைவு.

வன்முறை என்று எதைச் சொல்கிறோம்

அடிதடியை மட்டும் வன்முறை என்று எண்ணினால் பாதிக்கும் மேற்பட்டது கண்ணில் படாமலேயே போய்விடும். பட்டப்பெயர் வைத்து அழைத்தல், ஒருவனை மட்டும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விடுதல், சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒளித்து வைத்தல், ஒரு மாணவியின் படத்தை எடுத்து ஸ்டேட்டஸில் போடுதல், சைக்கிள் டியூபில் காம்பஸ் முள்ளால் குத்துதல் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். நார்வே நாட்டின் உளவியலாளர் டான் ஓல்வேயஸ் இத்தகைய தொடர் சீண்டலை அடையாளம் காண மூன்று குறிகளைச் சொன்னார்: வேண்டுமென்றே செய்யப்படுவது, மீண்டும் மீண்டும் செய்யப்படுவது, செய்பவருக்கும் படுபவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது. இரு நண்பர்கள் கோபத்தில் ஒரு முறை தள்ளிக்கொள்வதையும், பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை நாள்தோறும் குறிவைப்பதையும் இந்த மூன்றும் பிரித்துக் காட்டிவிடும். அந்நாட்டில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டதற்குச் சக மாணவர்களின் தொடர் சீண்டலே காரணமாக இருக்கக்கூடும் என்ற செய்தி வெளியானதை அடுத்து, 1983இல் நாடு தழுவிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. பெர்கன் நகரில் ஏறத்தாழ 2,500 மாணவர்களிடையே ஓல்வேயஸ் தம் திட்டத்தை ஆராய்ந்தபோது, சீண்டலுக்கு ஆளாவதாகச் சொன்ன மாணவர்களின் எண்ணிக்கை பெருமளவு குறைந்திருந்தது. பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, முயன்றால் குறையக் கூடியது என்பது அப்போதுதான் அளந்து காட்டப்பட்டது.

இது எங்கோ சில நாடுகளில் மட்டும் உள்ள சிக்கலும் அன்று. பல நாடுகளில் மாணவர்களிடமே கேட்டுத் திரட்டிய விவரங்களை யுனெஸ்கோ 2019இல் வெளியிட்டது. கடந்த ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவரின் சீண்டலுக்கு ஆளானதாக அவர்களில் 32 விழுக்காட்டினர் சொல்லியிருந்தனர். கடந்த ஓராண்டில் சக மாணவரோடு அடிதடியில் இறங்கியதாக 36 விழுக்காட்டினர் சொல்லியிருந்தனர். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் சீண்டலுக்கு ஆளானவர்கள் மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று பிள்ளைகள் என்று எண்ணிப் பார்த்தால் அளவு புரியும்.

பெரியவர்கள் பிள்ளைகள்மீது செலுத்தும் வன்முறையை இந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட முடியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் எந்தக் குழந்தைக்கும் உடல்ரீதியான தண்டனையோ மனரீதியான துன்புறுத்தலோ கூடாது என்று தெளிவாகத் தடை செய்கிறது. ஆயினும் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையைச் சேர்க்க வரும்போதே சொல்லிவிட்டுப் போகும் பெற்றோரை நம் ஊரில் இன்றும் காணலாம். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். தாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம் என்று நம்புகிறவர்கள். ஆனால் வலிமை உள்ளவன் வலிமை இல்லாதவனை அடித்துத் திருத்தலாம் என்ற பாடத்தைப் பிரம்பு கற்றுக்கொடுத்துவிட்டால், அதையே பிளஸ் டூ மாணவன் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் செய்யும்போது என்ன சொல்லித் தடுப்பது? ஊர் தொடங்க வேண்டிய முதல் வேலை அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவதே.

மணி அடித்த பிறகு

மாலை நாலேகால் மணிக்கு மேல் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். நெல்லிக்குப்பம் பக்கம் போகிறவர்கள் ஓரிடத்திலும், முதுநகர் பக்கம் போகிறவர்கள் வேறோர் இடத்திலும், தேவனாம்பட்டினம் டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மற்றோர் இடத்திலுமாக, வெவ்வேறு பள்ளிச் சீருடைகள் ஒரே கூரையின் கீழ் குவிகின்றன. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறார், வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள். இந்த அரைமணி நேரத்துக்கும் இந்தச் சாலைக்கும் பொறுப்பானவர் என்று யாரும் இல்லை. காலையில் வகுப்பில் தொடங்கிய வாய்ச்சண்டை, மதியம் கைப்பேசியில் செய்தியாகச் சுற்றி, மாலையில் ஆள் சேர்ந்து வெடிக்கும் இடம் பெரும்பாலும் இதுவே. ஒன்று நின்று கவனிக்கத்தக்கது: சண்டை வரப்போகும் நாளில் பிள்ளைகள் பஸ் வந்தும் ஏறமாட்டார்கள். ஒன்றை விடுவார்கள், அடுத்ததையும் விடுவார்கள். பெட்டிக்கடைக்காரரும் நடத்துநரும் அதைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2009ஆம் ஆண்டு செப்டம்பரில், பள்ளி முடிந்து வீடு திரும்பிய பதினாறு வயது மாணவன் ஒருவன் தெருச் சண்டையின் நடுவே சிக்கி அடித்துக் கொல்லப்பட்டான். அதையடுத்து அந்நகரின் பள்ளி நிர்வாகம் 'பாதுகாப்பான வழி' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி, பளிச்சென்ற மேலங்கி அணிந்த உள்ளூர்வாசிகள், பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் குறிப்பிட்ட தெருக்களில் ஊதியத்துடன் நிறுத்தப்பட்டனர். அவர்களிடம் ஆயுதம் கிடையாது, கைது செய்யும் அதிகாரமும் கிடையாது. அந்தத் தெருவிலேயே வாழ்கிறவர்கள் என்பதால் யார் யாருடைய பிள்ளை, எந்த வீட்டுக்கும் எந்த வீட்டுக்கும் ஆகாது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நின்ற தெருக்களில் வன்முறைக் குற்றங்கள் சராசரியாக 14 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு ஒன்று கண்டறிந்தது. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஏற்பாடு இன்னும் எளிமையானது. 2021இல் அங்குள்ள ஒரு பள்ளியில் மூன்றே நாட்களில் 23 மாணவர்கள் அடிதடிக்காகக் கைது செய்யப்பட்டனர். உடனே தந்தையர் ஏறத்தாழ நாற்பது பேர் முறைவைத்துக்கொண்டு, நாள்தோறும் பள்ளி வளாகத்தில் வந்து நின்றனர். பிள்ளைகளிடம் காலை வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார்கள், சண்டைகள் நின்றன.

நம் ஊரில் அப்பாக்கள் அப்படி வந்து நிற்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. சிங்காரத்தோப்பிலும் சோத்திக்குப்பத்திலும் உள்ளவர்கள் விடியற்காலையில் படகேறுகிறவர்கள், சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிப்ட், மற்றும் பலர் வெளிநாட்டில். ஆனால் இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை தந்தை என்ற உறவில் இல்லை. பிள்ளைகளுக்கு முகம் தெரிந்த ஒரு பெரியவர், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், தவறாமல் இருப்பதில்தான் இருக்கிறது. பள்ளி வாசலில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர்கள் இருவர், நிறுத்தத்துக்கு எதிரில் உள்ள டீக்கடைக்காரர், பணி ஓய்வு பெற்ற ஒரு பி.டி. ஆசிரியர், மகளை அழைத்துப் போக எப்படியும் வருகிற ஒரு தாய் ஆகிய ஐவர் இருந்தால் ஒரு பள்ளிக்குப் போதும். புதிதாக யாரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களிடம் 'இது உங்கள் பொறுப்பும்கூட' என்று கேட்டுக்கொள்வதும், பார்த்ததை உடனே சொல்ல ஒரு தொலைபேசி எண் கொடுப்பதுமே வேலை.

உள்ளங்கையில் ஒரு பந்து

இருப்பது ஒரு பக்கம். பிள்ளைகளிடம் பேசுவது இன்னொரு பக்கம், அதற்கும் பயிற்சி வேண்டும். 'சண்டை போடாதே' என்பது அறிவுரை, பயிற்சி அன்று. சிகாகோவில் 'ஆளாகுதல்' என்ற பொருள்படும் பெயரில் நடக்கும் திட்டம் ஒன்றில், பதின்பருவப் பையன்கள் சிறு குழுவாக வாரம் ஒரு முறை பள்ளியிலேயே கூடுகிறார்கள். அதன் தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை எந்தப் பள்ளியிலும் காசு செலவில்லாமல் செய்து பார்க்கலாம்.

பையன்களை இருவர் இருவராக நிறுத்துகிறார்கள். ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுத்து விரல்களை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். மற்றவனிடம், முப்பது நொடிக்குள் அந்தப் பந்தை வாங்கிவிட வேண்டும் என்று மட்டும் சொல்கிறார்கள். உடனே மணிக்கட்டை முறுக்குவது, விரல்களைப் பிரிப்பது, கீழே தள்ளுவது என்று அறையே அமளிப்படுகிறது. நேரம் முடிந்ததும் இடம் மாற்றி மீண்டும் செய்யச் சொல்கிறார்கள். மீண்டும் அதே அமளி. எல்லாம் அடங்கிய பின், பயிற்சியை நடத்துகிறவர் ஒரு கேள்வி கேட்கிறார்: "பந்தைக் கொடு என்று ஏன் யாரும் கேட்கவில்லை?" கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டான் என்று பையன்கள் சொல்கிறார்கள். அவர் எதிரே இருந்தவனிடம் திரும்பி, "அவன் மரியாதையாகக் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?" என்கிறார். "கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

இதில் யாரும் பையன்களை முட்டாள்கள் என்று சொல்லவில்லை. தெருவில் வளரும் பையனுக்குச் சட்டென்று எதிர்த்து நிற்பது பல நேரங்களில் தேவைப்படுகிற ஒன்று, விட்டுக்கொடுத்தால் 'கெத்து' போய்விடும் என்று அவன் அஞ்சுவதிலும் காரணம் இருக்கிறது. தெருவில் பழகிய அந்த அனிச்சை எல்லா இடத்திலும் தானாக வேலை செய்துவிடுகிறது. நடுவே ஒரு மூச்சு விட்டு, 'இவன் உண்மையிலேயே என்னைச் சீண்டத்தான் இடித்தானா, கூட்டத்தில் தெரியாமல் பட்டதா' என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையே அந்தத் திட்டம் வளர்க்கிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து ஒப்பிட்டபோது, திட்டத்தில் பங்கேற்ற காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தது. திட்டம் முடிந்த பிறகு அந்த வேறுபாடு அதே அளவில் நீடிக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வுகளில் காண்கிறோம். ஆண்டு விழாவுக்கு ஒரு சிறப்புப் பேச்சாளரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைத்தால் மாணவர்கள் திருந்திவிடுவார்கள் என்ற நம் வழக்கத்துக்கு இதில் பதில் இருக்கிறது. வாரந்தோறும் நடப்பதே வேலை செய்கிறது, அதையும் விட்டுவிட்டால் தேய்ந்துவிடுகிறது.

சண்டையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்னும் உளவியலாளரின் வழிகாட்டுதலில் உருவான 'கிவா' திட்டம், அடிப்பவனையும் படுபவனையும் விடப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடமே அதிகம் வேலை செய்கிறது. சிரிப்பவர்கள், உசுப்பேற்றுபவர்கள், பேசாமல் நிற்பவர்கள், இன்றைக்குக் கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள் ஆகியோர் இல்லாவிட்டால் சீண்டுகிறவனுக்குக் கிடைக்கும் பெருமை போய்விடுகிறது. ஆகவே அவர்களில் இருவர் மூவரையாவது, பாதிக்கப்பட்டவனோடு மறுநாள் மதிய உணவுக்குச் சேர்ந்து உட்காரும்படி தயார் செய்கிறார்கள்.

யாரிடம் சொல்வது

பிள்ளைக்குச் சொல்ல ஆள் வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்னும் புகார்ப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 14417 என்ற கல்வி உதவி எண்ணும், இந்தியா முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உள்ளன. புதுச்சேரிப் பிள்ளைகளுக்கும் 1098 பொருந்தும். இவை தேவையானவை. ஆனால் பெட்டியில் சீட்டுப் போடுகிற பிள்ளை, அதைத் திறக்கிறவர் யார் என்பதைப் பார்த்த பிறகே போடும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று கிடைத்திருக்கிறது. பீகார் மாநிலத்தின் நாளந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டம் சோதித்துப் பார்க்கப்பட்டது. மனத்தில் உள்ளதை எழுதிப் போடும் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உரையாடல், தனிப்பட்ட ஆலோசனை ஆகிய ஒரே வேலைகளைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களிடமும், வேறு சில பள்ளிகளில் உளவியல் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி அளிக்கப்பட்ட சாதாரண ஆலோசகர்களிடமும் ஒப்படைத்தார்கள். 2018இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சீண்டலும் வன்முறையும் குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தன. ஆசிரியர்களே செய்த பள்ளிகளில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. இதை ஆசிரியர்கள்மீதான குறையாக நான் படிக்கவில்லை. பாடம், தேர்வு, இணையத்தில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று அவர்கள் தலையில் இருப்பது கொஞ்சமன்று. மேலும், மதிப்பெண் போடுகிறவரிடம் பிள்ளை மனத்தைத் திறப்பது கடினம். பாடம் எடுக்காத, பிள்ளைகளுக்காகவே நேரம் ஒதுக்கிய ஒரு பெரியவர் பள்ளியில் இருந்தால் அவரிடம் பிள்ளைகள் வந்து பேசுகிறார்கள் என்பதையே நாளந்தா காட்டுகிறது. படித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் இளம்பெண்கள், இளைஞர்கள் நம்மிடம் எத்தனையோ பேர். மாலைநேர வகுப்புகளுக்குத் தன்னார்வலர்களாக வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் அவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சாதியைப் பேசாமல் முடியாது

தமிழ்நாட்டில் பள்ளி வன்முறையைப் பற்றி எழுதிவிட்டு சாதியைத் தவிர்ப்பது நேர்மையாகாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை, உடன் படித்த மாணவர்களே அவன் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தொடர்ந்த சாதிச் சீண்டலைப் பற்றி அவன் பள்ளியில் புகார் சொன்னதே அதற்கு முன் நடந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குவது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் ஒருவரை நியமிப்பது முதலியவை அதன் பரிந்துரைகளில் சில.

இங்கே ஊரின் பங்கு இருமுனைக் கத்தி. மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பிள்ளை பள்ளியில் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டிலும் தெருவிலும் பேனர்களிலும் கற்றுக்கொள்கிறது. ஊர்ப் பெரியவர்களைப் பள்ளிக்குள் அழைக்கும்போது ஒரே தெருவின், ஒரே தரப்பின் பெரியவர்கள் மட்டும் வந்து அமர்ந்தால், அடிபட்ட பிள்ளைக்கு அந்த அறை இன்னொரு அச்சமாகிவிடும். ஐந்து பேர் கொண்ட குழு என்றால் அந்தப் பள்ளிக்கு வரும் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும், அவர்களில் பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. இதில் விட்டுக்கொடுத்தால் அந்தக் குழு இல்லாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

சமரசம் எங்கே, சட்டம் எங்கே

சண்டை நடந்து முடிந்த பின் என்ன செய்வது? தலைமையாசிரியர் அறையில் இரு தரப்புப் பெற்றோரையும் நிறுத்தி, பையன்களை மன்னிப்புக் கேட்கவைத்து, கடிதம் எழுதி வாங்கி அனுப்புவது நம் வழக்கம். அதில் அடிபட்டவன் வாய் திறந்து பேசுவதே இல்லை. நியூசிலாந்தில், அந்நாட்டின் தொல்குடிகளான மவோரி மக்களின் மரபைத் தழுவி 1989இல் சட்டமாக்கப்பட்ட குடும்பக் கூட்ட முறை, வேறு வரிசையில் போகிறது. செய்தவனின் குடும்பத்தாரும், விரும்பினால் பாதிக்கப்பட்டவரும் அவர் தரப்பினரும் உட்கார்ந்து, என்ன நடந்தது, அதனால் யாருக்கு என்ன இழப்பு, அதைச் சரிசெய்யச் செய்தவன் என்ன செய்யப் போகிறான் என்று பேசுகிறார்கள். பல நாடுகளின் பள்ளிகள் இதை வட்டமாக அமர்ந்து பேசும் முறையாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. நம் மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்ப்பது பழகிய ஒன்றே. ஆனால் அபராதம் விதிப்பதும் தள்ளிவைப்பதும் பிள்ளைகள் விஷயத்தில் கூடாது. டியூபைக் குத்தியவன் தன் கையால் பஞ்சர் ஒட்டிக் கொடுப்பது, அவன் அப்பா ஐந்நூறு ரூபாய் கட்டுவதைவிட நெடுநாள் நினைவில் நிற்கும்.

ஊர் பேசித் தீர்க்கவே கூடாதவையும் உண்டு. பாலியல் தொந்தரவு அவற்றுள் முதன்மையானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம். 'பெண் பிள்ளை பெயர் கெட்டுவிடும்' என்று சொல்லி மூடி மறைக்கும் பெரியவர் அந்தச் சட்டத்தின் முன் குற்றவாளி. கத்தி, அரிவாள் கண்ணில் பட்டாலும், சாதியின் பெயரால் தாக்குதல் நடந்தாலும் அவ்வாறே உடனடியாகப் புகார் செய்ய வேண்டும். அதே வேளையில், பதினெட்டு வயதுக்குட்பட்டவர் செய்த சிறிய குற்றங்களில் பொதுவாக முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதில்லை என்பதும், கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ அது பதிவாகும் என்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் உள்ள விதி. 'அண்ணனை அழைத்து வருவேன்' என்று சொல்லும் பையனுக்கும், இருபது வயதில் வீராவேசமாகக் கிளம்பும் அந்த அண்ணனுக்கும் இந்த ஒரு விதியை விளக்கிச் சொன்னாலே பல மாலைப்பொழுதுகள் அமைதியாகக் கழியும்.

எங்கிருந்து தொடங்குவது

புதிய சங்கம் எதுவும் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இச்சட்டம் ஒன்றே. அந்தக் குழு கழிவறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிப் பேசுகிறது, அவையும் வேண்டியவையே. அடுத்த கூட்டத்தில் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பள்ளியைச் சுற்றியுள்ள சாலைகளை வரைந்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் நினைத்துப் பார்த்திராத இடங்கள் வரும்: கழிவறைக்குப் பின்பக்கம், சைக்கிள் நிறுத்தும் கொட்டகை, ஒரு குறிப்பிட்ட டவுன் பஸ்ஸின் பின் படிக்கட்டு. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டின் சட்டம். அந்த வரைபடத்தில் அத்தகைய கடை இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

எங்கள் பகுதியில் இப்போது செய்திருப்பது மிகச் சிறியது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் தங்கள் கைப்பேசி எண்களைப் பள்ளிச் சாலையில் உள்ள டீக்கடை, பெட்டிக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பஞ்சர் கடை ஆகியவற்றில் கொடுத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, பார்த்ததைச் சொன்னால் போதும் என்பது பேச்சு. பஞ்சர் கடையில் அந்த இரு எண்களும் காற்றடிக்கும் பம்பின் மேலுள்ள தகரத்தில் பெயிண்டால் எழுதப்பட்டிருக்கின்றன. சென்ற மாதம் அவர் ஒரு முறை அழைத்தார். இந்த முறை எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையின் சைக்கிள், இரண்டாவது ஓட்டை. அன்று மாலையே அந்தத் தாய், சைக்கிள் கொட்டகைக்குப் போய் அந்தப் பிள்ளை பூட்டைத் திறக்கும் வரை அருகில் நின்றிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையாகவே பேசத் தொடங்கியது.